இங்கிலாந்து குளிர்ல வீடும் சூடா இருக்கணும், பில்லும் தாங்கணும்: எங்க கை வெக்கணும், எங்க வெக்கக் கூடாது

அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சாச்சுன்னா மார்ச் வரைக்கும் இங்க நம்ம வீடுகள்ல ஒரே பஞ்சாயத்துதான், ஹீட்டிங் போடலாமா வேணாமா. டிசம்பர்ல லண்டன்ல நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடுது, பிள்ளைங்க ஸ்கூல் முடிஞ்சு வரும்போது வீடு சில்லுனு கெடக்கும். நம்ம ஆளுங்கள்ல ரெண்டு விதத்தையும் பாக்குறேன். ஒரு வீட்டுல தெர்மோஸ்டாட் 25ல நிக்கும், எல்லாரும் பனியனோட திரிவாங்க. இன்னொரு வீட்டுல பில்லுக்கு பயந்து ஹீட்டிங்கே போடாம ஜாக்கெட்ட மாட்டிட்டு சோபால உக்காந்துருப்பாங்க, சுவத்து மூலைல கருப்பா பூஞ்சை ஏறியிருக்கும், குழந்தைக்கு ஒரு மாசமா இருமல் நிக்காது. எனக்கு ரெண்டாவது வீட்ட நெனச்சாதான் ரொம்ப வேதனையா இருக்கு. குளிர்ல நடுங்குறது சிக்கனம் இல்லைங்க. உண்டாக்குற சூட்ட வீணாக்காம இருக்குறதுதான் சிக்கனம், அதுக்கு என்னென்ன பண்ணலாம்னு கீழ சொல்றேன், முக்காவாசி விஷயத்துக்கு காசே வேணாம், மிச்சத்துல பலதுக்கும் பத்து இருபது பவுண்ட் போதும்.

மொதல்ல ஒரு கணக்கு, இது மண்டைல ஏறிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒரு யூனிட் (பில்லுல kWhனு போட்டிருக்கும்) கரண்ட் இப்ப சுமார் 25 பென்ஸ், ஒரு யூனிட் கேஸ் சுமார் 6 பென்ஸ். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆஃப்ஜெம்ங்கிற எனர்ஜி கண்காணிப்பு அமைப்பு இந்த ரேட்ட மாத்தும், பென்ஸ் கொஞ்சம் ஏறும் எறங்கும், ஆனா கேஸ விட கரண்ட் கிட்டத்தட்ட நாலு மடங்குங்கிறது பெருசா மாறல. பிரைஸ் கேப்னு சொல்றாங்களே, அதுக்கு மேல பில் வரவே வராதுன்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. அப்படி இல்ல. ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுக்கு மேல வாங்கக் கூடாதுன்னுதான் கேப், யூனிட் கூட ஓடுனா பில்லும் கூடத்தான் வரும். அதனால ரேட் மாறுற ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ஆம் தேதி வாக்குல மீட்டர் ரீடிங் எடுத்து கம்பெனிக்கு அனுப்பிடுங்க (ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்கா வேலை செஞ்சா தேவையில்ல), இல்லன்னா பழைய ரேட்டுல எரிச்சத புது ரேட்டுல போட்டுடலாம்.

அடுத்து, வீட்டு எனர்ஜி செலவுல பாதிக்கு மேல போறது வீட்ட சூடாக்கவும் தண்ணி சூடாக்கவும்தான். போன் சார்ஜர புடுங்குறது, டிவி ஸ்டாண்ட்பை லைட்ட அணைக்கிறதுன்னு இதுலயே அலைஞ்சுட்டு பாய்லர் பக்கமே போகாம இருக்குறவங்க ரொம்ப பேர். சார்ஜர் வருஷம் முழுக்க சொருகியே இருந்தாலும் சில்லறைதான். பாய்லர்தான் பெரிய தீனி தின்னுற ஆளு, அங்கேருந்தே ஆரம்பிப்போம்.

பாய்லர்ல ரெண்டு திருகு

இங்க பெரும்பாலான வீட்டுல காம்பி பாய்லர்தான் இருக்கும், அதாவது தனியா தண்ணி டாங்க் கெடையாது, குழாய திறந்ததும் பாய்லர் பத்திக்கிட்டு அப்பவே சுட வெச்சு குடுக்கும். அது முன்னாடி போய் நின்னு பாருங்க, ரெண்டு திருகோ ரெண்டு பட்டனோ இருக்கும், ஒண்ணுல ரேடியேட்டர் படம், இன்னொண்ணுல குழாய் படம். ரேடியேட்டர் படம் போட்டதுதான் முக்கியம். ரேடியேட்டருக்கு எவ்வளவு சூடா தண்ணி அனுப்பணும்ங்கிறத அதுதான் முடிவு பண்ணுது, ஃப்ளோ டெம்பரேச்சர்னு சொல்லுவாங்க. மாட்டிட்டு போறவங்க 75, 80 டிகிரின்னு வெச்சுட்டு போயிடுவாங்க, அப்புறம் பத்து வருஷத்துக்கு யாரும் தொட்டுருக்க மாட்டாங்க.

அத 60க்கு எறக்குங்க. ஏன்னு கேட்டா, 2005லேர்ந்து இங்கிலாந்துல புதுசா மாட்டுற கேஸ் பாய்லர் கிட்டத்தட்ட எல்லாமே கண்டன்சிங் பாய்லர். கேஸ் எரியும்போது வர்ற பொகைல நீராவி இருக்கும், அந்த நீராவிய திரும்ப தண்ணியா மாத்தி அதுல இருக்குற சூட்டையும் புடிச்சுக்கிறதுதான் இந்த பாய்லரோட தெறம. ஆனா ரேடியேட்டர சுத்திட்டு பாய்லருக்கு திரும்பி வர்ற தண்ணி 55 டிகிரிக்கு கீழ இருந்தாத்தான் அந்த வேலை நடக்கும், அதுக்கு மேல இருந்தா நீராவி அப்படியே வெளிய போயிடும், சூடும் அதோட போயிடும். 80ல அனுப்புனா திரும்பி வரும்போது 60, 65ன்னு வரும், அப்ப நீங்க காசு குடுத்து வாங்குன கண்டன்சிங் வேலையே செய்யல. 60ல அனுப்புனா 45, 50ல திரும்பி வரும். இந்த ஒரு திருகுல கேஸ் செலவு 6லேர்ந்து 8 சதவீதம் கொறையும்னு பாய்லர் தொழில்ல இருக்குறவங்களே சொல்றாங்க, பைசா செலவில்ல, ரெண்டு நிமிஷ வேலை.

எறக்குனதுக்கப்புறம் ரேடியேட்டர தொட்டுப் பாத்தா முன்ன மாதிரி சுடாது. பயந்துடாதீங்க. ரூம் அதே 19, 20க்கு வரத்தான் செய்யும், வர்றதுக்கு கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அதனால டைமர அரை மணி முன்னாடி வெச்சுக்கோங்க. வெளிய மைனஸ் அஞ்சுன்னு போற நாள்ல வீடு ஏறவே மாட்டேங்குதுன்னா அன்னிக்கு மட்டும் 65, 70ன்னு ஏத்திக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, வீட்டுல தனியா சுடுதண்ணி சிலிண்டர் இருந்தா இத இப்படியே பண்ணாதீங்க. சிலிண்டர் தண்ணி 60 டிகிரியாவது இருக்கணும், இல்லன்னா லீஜனெல்லான்னு ஒரு பாக்டீரியா வளரும், அந்த மாதிரி வீட்டுல இருக்குறவங்க இன்ஜினியர் கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

குழாய் படம் போட்ட திருகு காம்பில 50 இருந்தா போதும். நம்ம குளிக்கிறது 40 டிகிரி தண்ணில, 60ல சுட வெச்சுட்டு அதுல பச்சத் தண்ணிய கலந்து குளிக்கிறதுல என்ன லாபம். அப்புறம் ப்ரீஹீட் அல்லது கம்ஃபர்ட்னு ஒண்ணு பல பாய்லர்ல இருக்கும், குழாய திறந்த உடனே சுடுதண்ணி வரணும்னு யாரும் தண்ணி எடுக்காத நேரத்துலயும் அப்பப்ப பத்திக்கிட்டே இருக்கும். யாரும் வீட்டுல இல்லாதப்ப பாய்லர் தானா உறுமுற சத்தம் கேட்டா இதுதான் காரணம். அத இகோவுக்கு மாத்திடுங்க, சுடுதண்ணி வர அர நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் நம்பரும்

தெர்மோஸ்டாட் ஒண்ணும் ஆக்சிலரேட்டர் கெடையாது. 28ல வெச்சா சீக்கிரம் சூடாகும்னு நெனச்சு திருப்புறாங்க, அதே வேகத்துலதான் ஏறும், 20ல நிக்க வேண்டியது நிக்காம ஏறிக்கிட்டே போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆரோக்கியமா இருக்குறவங்களுக்கு 18 டிகிரியாவது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பெரும்பாலான வீட்டுக்கு 18லேர்ந்து 20 சரியா இருக்கும். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தா 21 வைங்க, யோசிக்காதீங்க. அவங்க ஒடம்பு முப்பது டிகிரிலயே வாழ்ந்த ஒடம்பு, வாய் தொறந்து குளுருதுன்னு சொல்லவும் மாட்டாங்க, மகனுக்கு செலவாகுமேன்னு போர்வைக்குள்ள சுருண்டுக்குவாங்க. கை விரல தொட்டுப் பாருங்க, சில்லுனு இருந்தா ஏத்திடுங்க. கைக்கொழந்த தூங்குற ரூமுக்கு மட்டும் 16லேர்ந்து 20க்குள்ள இருக்கணும்னு இங்க ஹெல்த் விசிட்டருங்க சொல்லுவாங்க, அதுக்கு மேல சூடாக்கவும் கூடாது.

நாள் முழுக்க கம்மியா போட்டு வெச்சா சிக்கனம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கூட செலவுன்னு ஒரு பேச்சு சுத்திட்டே இருக்கு. கேஸ் பாய்லர் இருக்குற சாதாரண வீட்டுக்கு அது சரியில்ல. வீடு சூடா இருக்குற ஒவ்வொரு நிமிஷமும் சுவர் வழியா வெளிய போயிட்டேதான் இருக்கு, நீங்க வேலைக்கு போன எட்டு மணி நேரமும் தெருவுக்கு ஹீட்டிங் போட்டுட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். எந்திரிக்கிறதுக்கு அரை மணி முன்னாடி ஆன், கெளம்புறதுக்கு அரை மணி முன்னாடி ஆஃப், சாயங்காலமும் அதே மாதிரி. (ஹீட் பம்ப் வெச்சிருக்குறவங்க கதை வேற, அது மெதுவா சீரா ஓடுனாத்தான் நல்லது.)

ரேடியேட்டர் ஓரத்துல 1லேர்ந்து 5 வரைக்கும் நம்பர் போட்ட திருகு இருக்குல்ல, அது அந்த ரூம் எவ்வளவு சூட்டுல நிக்கணும்ங்கிறதுக்கு. 3ன்னா கிட்டத்தட்ட 20 டிகிரி. ஹாலுக்கு 3, பெட்ரூமுக்கு 2, யாரும் இல்லாத பாக்ஸ் ரூமுக்கு 1, அந்த ரூம் கதவ சாத்தியே வைங்க. சுத்தமா ஆஃப் பண்ண வேணாம், குளிர்ந்து போன ரூம்லதான் பூஞ்சை மொதல்ல குடியேறும். தெர்மோஸ்டாட் எந்த எடத்துல மாட்டியிருக்கோ அங்க இருக்குற ரேடியேட்டர மட்டும் முழுசா திறந்து வைங்க, அத கொறச்சு வெச்சா அந்த எடம் சூடே ஆகாது, தெர்மோஸ்டாட் இன்னும் குளுருதுன்னு நெனச்சு பாய்லர ஓட விட்டுக்கிட்டே இருக்கும்.

மேல பாதி சில்லுனும் கீழ பாதி சூடாவும் இருந்தா ரேடியேட்டருக்குள்ள காத்து அடச்சிருக்கு. அத எடுக்க இன்ஜினியர் வேணாம், ரெண்டு பவுண்டுக்கு சின்ன சாவி கெடைக்கும். ஹீட்டிங்க ஆஃப் பண்ணி ரேடியேட்டர் ஆறுனதுக்கப்புறம் மேல் மூலைல இருக்குற சின்ன சதுர ஆணில சாவிய போட்டு கால் சுத்து எடப்பக்கமா திருப்புங்க, கீழ ஒரு பழைய துணிய புடிச்சுக்கோங்க, தண்ணி கறுப்பா வரும், கார்பெட்ல பட்டா போகாது. உஸ்ஸுனு காத்து போயி தண்ணி வர ஆரம்பிச்சதும் மூடிடுங்க. எல்லாம் முடிச்சுட்டு பாய்லர்ல ப்ரெஷர் பாருங்க, குளிர்ந்து இருக்கும்போது 1க்கும் 1.5க்கும் நடுவுல இருக்கணும், கொறஞ்சிருந்தா பாய்லர் புக்குல சொன்ன மாதிரி தண்ணி ஏத்திக்கலாம். ஆனா பாய்லர் கவர கழட்டுற வேலை எதையும் தொடாதீங்க, அது கேஸ் சேஃப் பதிவு இருக்குறவங்க மட்டும் பண்ண வேண்டியது.

அப்புறம் சோபா. ரேடியேட்டர ஒட்டி சோபா போடாதவங்க வீடு எண்ணி நாலு இருக்குமா தெரியல. வர்ற சூடு பூரா சோபா முதுகுக்குத்தான் போகுது, ஒரு சாண் முன்னாடி இழுத்துப் போடுங்க. கர்ட்டன் ரேடியேட்டர் மேல தொங்கிட்டு இருந்தா அத ஜன்னல் கட்டை மேல தூக்கி விடுங்க, இல்லன்னா சூடு கர்ட்டனுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஏறி வெளியதான் போகும்.

காத்து எங்கேருந்து வருது

ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் எல்லாம் நம்ம ஆளுங்க இருக்குற டெரஸ் வீடுகள்ல பலதும் நூறு வருஷத்துக்கு மேல பழசு, ஒத்த செங்கல் கட்டு, உள்ள கேவிட்டி (ரெண்டு சுவருக்கு நடுவுல விடுற இடைவெளி) கெடையாது, மரத்தளத்துல இடுக்கு, கதவுல லெட்டர்பாக்ஸ் ஓட்டை. ஓட்டப் பானைல தண்ணி ஊத்துற கதைதான், எவ்வளவு ஹீட்டிங் போட்டாலும் நிக்காது. காத்து அடிக்கிற நாளா பாத்து ஒரு ஊதுபத்திய கொளுத்தி கையில வெச்சுட்டு கதவு ஓரம், ஜன்னல் ஓரம், லெட்டர்பாக்ஸ், சாவி ஓட்டை, லாஃப்ட் மூடி, தரைக்கும் ஸ்கர்ட்டிங் பலகைக்கும் நடுவுலன்னு மெதுவா கொண்டு போங்க (கர்ட்டன்ல படாம). பொகை எங்க வளைஞ்சு ஆடுதோ அங்க ஓட்டை.

லெட்டர்பாக்ஸுக்கு பிரஷ் வெச்ச மூடி வாங்கி நாலு ஸ்க்ரூல மாட்டலாம். ஜன்னல் ஓரத்துக்கு ஒட்டுற ஃபோம் டேப். கதவுக்கு அடில பழைய ஜீன்ஸ் காலுக்குள்ள கிழிஞ்ச துணிய அடைச்சு தெச்சு போட்டா அதுவே போதும், கடைல விக்கிறதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. யூஸ் பண்ணாத ஃபயர்ப்ளேஸ் இருந்தா சிம்னி வழியா நாள் பூரா சூடு மேல போயிட்டே இருக்கும், அதுக்குன்னே சிம்னி பலூன் விக்கிறாங்க, ஊதி உள்ள வெச்சுடலாம், எப்பவாவது நெருப்பு மூட்டப் போறீங்கன்னா மட்டும் ஞாபகமா எடுத்துடணும். ஆனா ஜன்னல் மேல இருக்குற சின்ன நீள வென்ட்டையும், வெளிச்சுவத்துல அடில ஓட்டை ஓட்டையா இருக்குற ஏர் பிரிக்கையும் அடைக்காதீங்க, அது வீடு மூச்சு விடுறதுக்கு வெச்சது.

ஒத்தக் கண்ணாடி ஜன்னல் இருக்குற வாடகை வீடுன்னா, மாத்தித்தர லேண்ட்லார்ட் லேசுல வரமாட்டார். ஜன்னல் ஃப்ரேம சுத்தி ரெண்டு பக்கம் ஒட்டுற டேப் போட்டு மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட ஒட்டி ஹேர் ட்ரையரால சூடு காட்டுனா விறைப்பா இழுத்துக்கும், கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவுல நிக்கிற காத்து குளிர தடுக்கும். மார்ச்ல பிய்ச்சு எடுத்துடலாம், ஆணி அடிக்கிற வேலையே இல்ல. பகல்ல வெயில் வர்ற தெற்கு ஜன்னல் கர்ட்டன திறந்து விடுங்க, இருட்டுனதும் மூடுங்க. சொந்த வீடா இருந்தா லாஃப்ட்ல ஏறி இன்சுலேஷன் எவ்வளவு கனம்னு ஒரு ஸ்கேல் வெச்சு பாருங்க, 270 மில்லிமீட்டர் இருக்கணும், பழைய வீட்டுல 100தான் இருக்கும், இல்ல ஒண்ணுமே இருக்காது. கையில கொஞ்சம் காசு இருந்தா மொதல்ல இதுக்குத்தான் போடணும்னு நான் சொல்லுவேன்.

ஈரம், நம்ம சமையல், துணி காயப்போடுறது

இத நம்ம வீடுகளுக்காகவே தனியா சொல்றேன். ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் இட்லி ஆவி, இன்னொரு பக்கம் ரசம் கொதிக்குது, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு, ஹால் ரேடியேட்டர் மேல நாலு பேர் துணி. அவ்வளவு ஈரமும் வீட்டுக்குள்ளயே சுத்தி குளிர்ந்த சுவத்துலயும் கண்ணாடிலயும் தண்ணியா படியும், அங்க பூஞ்சை வரும். இத சாதாரணமா எடுத்துக்காதீங்க, ராச்டேல்ல 2020ல ரெண்டு வயசுக் கொழந்த ஒண்ணு வீட்டுப் பூஞ்சையால மூச்சுப் பாதிச்சு செத்தே போச்சு, அதுக்கப்புறம்தான் சோஷியல் ஹவுசிங்ல (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வாடகை வீடுகள்ல) பூஞ்சை புகார உடனே கவனிக்கணும்னு சட்டமே வந்துச்சு.

சமைக்கும்போது மூடி போட்டு கொதிக்க விடுங்க, எக்ஸ்ஹாஸ்ட்ட போடுங்க, கிச்சன் கதவ சாத்துங்க. குளிச்சு முடிச்சதும் பாத்ரூம் கதவ சாத்திட்டு ஃபேன் ஓடட்டும். காலைல ஒரு பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னல ரெண்டையும் அகலமா திறந்து விட்டுட்டு மூடுங்க. அய்யோ சூடு போயிடுமேன்னு தோணும், போறது காத்துல இருக்குற கொஞ்சம் சூடுதான், சுவரும் சோபாவும் கட்டிலும் புடிச்சு வெச்சிருக்குற சூடு அப்படியே இருக்கும், அதுவுமில்லாம ஈரக் காத்த விட காஞ்ச காத்து சீக்கிரம் சூடாகும். நாள் முழுக்க ஜன்னல ஒரு இஞ்ச் திறந்து வெக்கிறதுதான் மோசம், ஈரமும் ஒழுங்கா போகாது, சுவரும் குளிர்ந்துடும்.

துணிக்கு, வாஷிங் மெஷின்ல ஸ்பின்ன 1400க்கு ஏத்தி விடுங்க, அதுக்கு ஆகுற கரண்ட் ரொம்ப கொஞ்சம், ஆனா பாதி ஈரம் அங்கயே போயிடும். தண்ணி 30 டிகிரி போதும். பழைய மாடல் டம்பிள் ட்ரையர் ஒரு லோடுக்கு நாலஞ்சு யூனிட் இழுக்கும், ஒரு பவுண்டுக்கு மேல. அதுக்கு பதிலா ஒரு சின்ன ரூம்ல ஸ்டாண்ட்ல துணிய போட்டு கதவ சாத்தி டீஹ்யுமிடிஃபயர் ஓட விடுங்க, 200 வாட் கிட்ட இழுக்கும், மணிக்கு அஞ்சு பென்ஸ். துணி காயும், ஈரம் டப்பால தண்ணியா வந்துடும், அது இழுத்த கரண்ட்டும் சூடா அந்த ரூம்லயே நிக்கும். வாங்குறதுக்கு நூறு நூத்தம்பது பவுண்ட் ஆகும், பூஞ்சை இருக்குற வீட்டுக்கு இத விட நல்ல செலவு எனக்குத் தெரியல.

இட்லி மாவு புளிக்கலன்னு சில பேர் ராத்திரி பூரா ஹீட்டிங் போட்டு வெக்கிறாங்க, தயவுசெஞ்சு வேணாம். ஓவனுக்குள்ள மாவுப் பாத்திரத்த வெச்சு உள்ள இருக்குற லைட்ட மட்டும் போட்டுடுங்க (எல்இடி இல்லாத பழைய குண்டு பல்பா இருக்கணும்), கதவ சாத்துனா உள்ள கதகதன்னு ஆகிடும். சிலிண்டர் இருக்குற வீட்டுல அந்த கப்போர்டுக்குள்ள வெச்சா போதும். ஓவன்ல மாவு இருக்குன்னு ஒரு சீட்டு ஒட்டிடுங்க, இல்லன்னா காலைல வேற யாராவது ஓவன போட்டுடுவாங்க.

கரண்ட்ல சூடு பண்ற சாமான்

இங்கதான் ஏமாத்து ஜாஸ்தி. ப்ளக்ல சொருகுற குட்டி ஹீட்டர், வீட்டயே சூடாக்கும், கால்வாசி செலவுதான்னு போன்ல விளம்பரம் வரும், நம்பவே நம்பாதீங்க. ப்ளக்ல ஓடுற ஹீட்டர் எதுவா இருந்தாலும், ஆயில் போட்டதோ ஃபேன் வெச்சதோ செராமிக்கோ, ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், கூடவும் தராது கொறச்சலாவும் தராது. 2 கிலோவாட் ஹீட்டர் தெனம் அஞ்சு மணி நேரம் ஓடுனா மாசம் 300 யூனிட், 75 பவுண்ட். அதே சூட்ட கேஸ்ல எடுத்தா மூணுல ஒரு பங்குக்கும் கம்மியா முடிஞ்சுடும். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு ரூம்ல கொஞ்ச நேரம் இருக்காருன்னா மட்டும் இது சரி. எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டாம நேரா சுவத்து ப்ளக்லயே சொருகுங்க, போர்டு உருகித் தீப்புடிச்ச வீடு உண்டு.

ரூம சூடாக்குறத விட ஆள சூடாக்குறது ரொம்ப மலிவு. கட்டில்ல மெத்தைக்கு மேல விரிக்கிற எலக்ட்ரிக் பிளாங்கெட் 100 வாட் கிட்டதான், மணிக்கு ரெண்டரை பென்ஸ். படுக்குறதுக்கு அரை மணி முன்னாடி போட்டு படுத்ததும் அணைச்சுடலாம். ராத்திரி படிக்கிற பிள்ளைக்கு மடில போட்டுக்கிற சூடான போர்வை. உள்ள தெர்மல், கால்ல கம்பளி சாக்ஸ், வீட்டுக்குள்ள போடுறதுக்குன்னு தனிச் செருப்பு. நம்ம ஊர் பழக்கத்துல வெறுங்கால்ல லேமினேட் தரைல நடக்குறோம் பாருங்க, பாதி குளிர் அங்கேருந்துதான் ஏறுது.

எலக்ட்ரிக் ஷவர் இருக்குற வீடுங்க கவனிங்க. அது 9 கிலோவாட் கிட்ட இழுக்கும், பத்து நிமிஷக் குளியலுக்கு ஒன்றரை யூனிட், நாப்பது பென்ஸ் கிட்ட. நாலு பேர் தெனம் குளிச்சா மாசம் 45 பவுண்ட் ஷவருக்கு மட்டும். அஞ்சு நிமிஷமா கொறச்சா அதுல பாதி மிச்சம். வீட்டுல பாய்லர் தண்ணி வர்ற குழாயும் இருந்தா ஒரு பக்கெட்டும் சொம்பும் வாங்கி வெச்சு குளிங்க, ரெண்டு பக்கெட் தண்ணில சுகமா முடிஞ்சுடும். பாய்லரோட சிலிண்டரும் இருக்குற வீட்டுல இம்மர்ஷன்னு (சிலிண்டர் தண்ணிய கரண்ட்ல சுட வெக்கிறது) ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும், 3 கிலோவாட், பாய்லர் ரிப்பேரான நாளத் தவிர அது ஆஃப்லயே இருக்கணும், யாராவது தெரியாம தட்டிட்டு போயிருக்காங்களான்னு இப்பவே போய் பாருங்க.

கேஸே இல்லாத ஃப்ளாட்ல ஸ்டோரேஜ் ஹீட்டர் இருக்கும், மலிவா கரண்ட் வர்ற ராத்திரி ஏழு மணி நேரத்துல உள்ள இருக்குற கல்ல சூடாக்கி வெச்சு பகல்ல விடும். அதுல இன்புட் திருகு ராத்திரி எவ்வளவு சேக்கணும்ங்கிறதுக்கு, அவுட்புட் திருகு எவ்வளவு வேகமா வெளிய விடணும்ங்கிறதுக்கு. படுக்கும்போதும் வெளிய போகும்போதும் அவுட்புட்ட கொறச்சுடணும், இல்லன்னா சாயங்காலம் வர்றதுக்குள்ள சேத்து வெச்ச சூடு தீந்துடும், அப்புறம் குளுருதுன்னு பகல் ரேட்டுல வேற ஹீட்டர் போடுவீங்க. ராத்திரி ரேட்டே இல்லாத டேரிஃப்ல இந்த ஹீட்டர ஓட்டுறவங்களும் இருக்காங்க, பில்ல எடுத்து ரெண்டு ரேட் போட்டிருக்கான்னு பாருங்க, ஒண்ணே ஒண்ணுன்னா கம்பெனிக்கு போன் போடுங்க.

கஷ்டமா இருந்தா சும்மா இருக்காதீங்க

பெனிஃபிட் வாங்குற குடும்பங்களுக்கு வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்னு குளிர்காலத்துல கரண்ட் பில்லுல 150 பவுண்ட் கழிப்பாங்க, உங்களுக்கு உண்டான்னு கவர்மென்ட் வெப்சைட்ல பாத்துக்கோங்க. வயசானவங்க, கைக்கொழந்த, ஆஸ்துமா இருக்குறவங்க வீட்டுல இருந்தா உங்க கம்பெனி கிட்ட பிரையாரிட்டி சர்வீசஸ்னு முன்னுரிமை உதவி தர்ற லிஸ்ட்ல பேர் சேத்துக்கோங்க, இலவசம். வாடகை வீடுன்னா வருஷத்துக்கு ஒரு தடவ கேஸ் செக் பண்ணி சர்ட்டிஃபிகேட் தர்றதும், பாய்லர் இருக்குற ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டித் தர்றதும் லேண்ட்லார்ட் கடமை, எனர்ஜி சர்ட்டிஃபிகேட்ல (EPC) 'E' கிரேடுக்கு கீழ இருக்குற வீட்ட பொதுவா வாடகைக்கு விடவே கூடாது. கேட்டா வீட்ட காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு பயந்து பேசாம இருக்குறது நம்ம ஜனங்க கிட்ட ரொம்ப ஜாஸ்தி, கவுன்சில்ல இதுக்குன்னே ஆள் இருக்காங்க, சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல போய் கேட்டா வழி சொல்லுவாங்க. கேஸ் அடுப்ப எரிய விட்டு வீட்ட சூடாக்குறது மட்டும் எந்தக் கஷ்டத்துலயும் வேணாம், மூடுன ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க

டிசம்பர் கடைசில கெளம்பி பொங்கல் முடிச்சு வர்ற வரைக்கும் மூணு நாலு வாரம் வீடு பூட்டியே கெடக்கும். ஹீட்டிங்க முழுசா அணைச்சுட்டு போகாதீங்க, பைப்புக்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிச்சா திரும்பி வரும்போது சீலிங் தரைல கெடக்கும், பல இன்சூரன்ஸ்ல வீட்ட இவ்வளவு சூட்டுலயாவது வெச்சிருக்கணும்னு ஒரு வரி போட்டிருப்பாங்க, அத படிச்சுப் பாருங்க. தெர்மோஸ்டாட்ட 12ல வைங்க, சுடுதண்ணி டைமர ஆஃப் பண்ணுங்க, கிச்சன் சிங்க்குக்கு கீழயோ வாசல் பக்கத்துலயோ இருக்குற ஸ்டாப்காக்க (வீட்டுக்கு வர்ற மெயின் தண்ணி வால்வ) மூடிட்டுப் போங்க. ப்ரீபே மீட்டரா இருந்தா கெளம்புறதுக்கு முன்னாடி காசு போட்டுடுங்க, ஒரு யூனிட் ஓடலன்னாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் தெனம் கழிஞ்சுக்கிட்டே இருக்கும், காசு தீந்தா ஹீட்டிங்கும் நின்னுடும். திரும்பி வந்ததும் பாய்லர் பத்தாம கடமுடன்னு சத்தம் போட்டா பின்பக்கம் வெளிச்சுவத்துல வர்ற பிளாஸ்டிக் பைப் உறைஞ்சிருக்கலாம், கொதிக்கிற தண்ணி வேணாம், வெதுவெதுன்னு ஒரு சொம்பு தண்ணிய அந்த பைப் மேல நாலஞ்சு தடவ ஊத்திட்டு பாய்லர ரீசெட் பண்ணிப் பாருங்க, அப்பவும் பத்தலன்னா இன்ஜினியர கூப்பிடுங்க.